ரத்த உறைவுப் பரிசோதனைச் சீட்டு: நாங்கள் செய்த தவறும் கற்ற பாடமும்

(விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் மின்கட்டணத்தைப் பற்றியும் நாம் பலமுறை இங்கே பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது ஒரு காகிதத்தைப் பற்றி. இருதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்கள், காலில் ரத்தம் கட்டிக்கொண்டவர்கள், நாடி தாறுமாறாக ஓடும் வியாதியுள்ளவர்கள் ஆகியோர் வீட்டில் மாதாமாதம் ஒரு பரிசோதனைச் சீட்டு வந்து சேருகிறது. அதில் ஐ.என்.ஆர். என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைப் படிப்பது எப்படி? இதுதான் இன்றைய விஷயம்.

இதைப் பேச எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நாங்கள் டாக்டர்கள் அல்ல. மெட்ரிக் வரை படித்தவர்கள். அந்த எண்ணைத் தவறாகப் படித்து, ஒரு தோழரின் வலது கையை முடக்கியவர்கள் நாங்கள். அதுதான் எங்கள் தகுதி. ஆகவே இதை ஒரு சுயவிமர்சனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பிசகினோம்?

நமது சங்கத்துத் தோழர் ஒருவர். சிறு வயதில் அவருக்குத் தொண்டைப்புண் வந்து, அதைத் தொடர்ந்து காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்தன. முடக்குக் காய்ச்சல் என்கிற ருமாட்டிக் காய்ச்சல் அது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீடுகளைத் தேடிப் பிடிக்கும் நோய். மூட்டு வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் இருதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு கெட்டுப்போயிற்று. முப்பத்தாறாவது வயதில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள். பிழைத்து எழுந்து மீண்டும் தறியோட்டினார். இரவு தறி நின்ற பிறகு, அவர் நெஞ்சில் அந்த வால்வு 'டிக், டிக்' என்று அடிப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும்.

2019 ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை அவர் காரியாலயத்துக்கு வந்தார். கையில் பரிசோதனைச் சீட்டு.

"ஏனுங்க தோழர், இதிலெ என்னமோ கறுப்பாப் போட்டிருக்குது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கோர்ட்டு நோட்டீஸ், வங்கிக் கடிதம், வைப்பு நிதிக் கணக்கு எல்லாவற்றையும் எங்களிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வது இந்தப் பகுதியில் வழக்கம். இதையும் படித்தோம். ஐ.என்.ஆர். 3.1. பக்கத்தில் 'ஹை' என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. அதற்கும் பக்கத்தில் 'நார்மல் 0.8 முதல் 1.2 வரை' என்றிருந்தது. நார்மல் 1.2, இவருக்கோ 3.1! இரண்டரை மடங்கு! நாங்கள் பயந்துபோனோம்.

"மாத்திரை ஜாஸ்தியாகிவிட்டது தோழர். ரத்தம் ரொம்ப நீர்த்துப்போச்சு. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் நிறுத்தி வையுங்கள்" என்று சொன்னோம். அவர் அடுத்து டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு இன்னும் 12 நாள் இருந்தது. எங்களை நம்பி நிறுத்தினார்.

பத்தாம் நாள் இரவு அவருடைய துணைவியார் போன் செய்தார். "அண்ணா, இவருக்கு அந்த டிக்டிக் சத்தம் ரெண்டு நாளாச் சரியாவே கேக்கலீங்க. இப்பப் பேச்சும் கொழறுதுங்க" என்றார். 108 வண்டி வந்தது. வால்வில் ரத்தம் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போயிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அறுந்த பாவு இழையை எடுத்து முடிச்சுப் போடும் விரல்கள் அவருக்குத் திரும்ப வரவில்லை. இப்போது இடது கையால் தார் சுற்றுகிறார். தறியோட்டிய கூலிக்கும் தார் சுற்றும் கூலிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்தார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த புத்தகத்தையும் கேட்டு வாங்கினார். அதன் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதியிருந்தது: 'ஐ.என்.ஆர். 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்க வேண்டும்.' இரண்டையும் எங்கள் முன்னால் அருகருகே வைத்து, "3.1 என்பது இவருக்கு மிக நல்ல எண். நீங்கள் நிறுத்தச் சொன்னது சரியாக இருந்த ஒன்றை" என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தச் சீட்டில் அச்சடித்த 'நார்மல்' இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு உரியது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நார்மல் என்பது அவருடைய டாக்டர் எழுதிக்கொடுத்த எண். இந்த ஒரு விஷயத்தை இன்று நீங்கள் மனதில் வாங்கிக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

மாட்டிலிருந்து மனிதனுக்கு

இந்த மருந்து எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அது செய்யும் வேலையும் புரியும்.

1920களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிரை ஈரத்தோடு அடுக்கிவைத்து, அது பூஞ்சை பிடித்த பின் தின்ற மாடுகள் அவை. 1933 பிப்ரவரியில், விஸ்கான்ஸின் மாநிலத்து விவசாயி ஒருவர், கடும் பனிப்புயலில், செத்த கிடாரியையும், பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு சர்வகலாசாலைக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற ரசாயன விஞ்ஞானியும் அவரது சகாக்களும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, தீவனத்திலிருந்த அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே குடும்பத்தில் பிறந்ததுதான் வார்ஃபாரின். 1948இல் அது எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக அங்கீகாரம் பெற்றது. நம் நாட்டில் பலருக்கு எழுதிக்கொடுக்கும் அசிட்ரோம், அதாவது அசினோகூமரால், இதே இனத்தைச் சேர்ந்தது.

எலி மருந்தைக் கொடுக்கிறார்களே என்று பயப்பட வேண்டாம். கொல்லுவதும் காப்பதும் அளவைப் பொறுத்தது. அந்த அளவைக் காட்டும் கருவிதான் ஐ.என்.ஆர்.

இந்த மாத்திரை ரத்தத்தில் தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்வதில்லை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய பல புரதங்களை ஈரல் தயாரிக்கிறது. அவற்றில் நான்கைச் சரிவரத் தயாரிக்க வைட்டமின் 'கே' அவசியம். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் 'கே'யை உடல் புதுப்பித்து மறுபடியும் உபயோகிக்கிறது. இந்த மருந்து அந்தப் புதுப்பிப்பைத் தடுக்கிறது. புதிதாக வரும் புரதம் அரைகுறையாக வருகிறது. ரத்தம் உறையத்தான் செய்கிறது, மெதுவாக உறைகிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். மருந்து புதிய உற்பத்தியைத்தான் தடுக்கிறது; ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் சரக்கைத் தொடுவதில்லை. அந்தப் பழைய சரக்கில் ஒரு வகை ஆறு மணி நேரத்தில் பாதியாகும்; இன்னொரு வகை பாதியாக இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். ஆகவே இன்று மாற்றிய அளவின் முழுப் பலன் நாளைய சீட்டில் தெரியாது. பல நாள் பிடிக்கும். இன்றைய எண் என்பது கடந்த சில நாட்களின் கணக்கு. இதை அறியாதவர்கள் இன்று கூட்டி, நாளை சோதித்து, மறுநாள் குறைத்து, அலைக்கழிந்து போகிறார்கள்.

சீட்டில் உள்ள ஐந்து வரிகள்

இப்போது சீட்டைக் கையில் எடுப்போம். பெரும்பாலான சீட்டுகளில் ஐந்து வரிகள் இருக்கும்.

முதல் வரி 'டெஸ்ட்'. உங்கள் ரத்தத்தின் தெளிந்த நீரில் ஒரு மருந்தைச் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்மண்ட் குவிக் என்ற விஞ்ஞானி 1935இல் வெளியிட்ட முறை இது. இரண்டாவது 'கன்ட்ரோல்'. மருந்து சாப்பிடாதவர்களின் ரத்தம் அதே ஆய்வுக்கூடத்தில் உறையும் நேரம். சுமார் 12 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 'ரேஷியோ'. முதலாவதை இரண்டாவதால் வகுத்தது. உங்களுக்கு 24 விநாடி, கன்ட்ரோல் 12 விநாடி என்றால் விகிதம் 2.

இதோடு முடிந்துவிடக் கூடாதா? முடியாது. உறையவைக்கச் சேர்க்கும் அந்த மருந்து எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஒன்றுக்கு உணர்வு கூடுதல், ஒன்றுக்குக் குறைவு. ஒரே மனிதனின் ரத்தம் ஓர் ஊரில் ஒரு விகிதத்தையும் இன்னோர் ஊரில் வேறு விகிதத்தையும் காட்டியது. அமெரிக்காவில் உணர்வு குறைந்த மருந்தைக் கொண்டு அளந்ததால், நோயாளிகளுக்குத் தேவைக்கு மேல் மாத்திரை போயிற்று. ரத்தக் கசிவும் கூடிற்று. மீட்டரும் கஜமும் கலந்து துணி அளந்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

உலக சுகாதார ஸ்தாபனம் 1983இல் இதற்கு ஒரு பொது அளவுகோல் வகுத்தது. ஒவ்வொரு மருந்துப் புட்டிக்கும் அதன் உணர்வைக் காட்டும் எண் ஒன்று உண்டு. அதுதான் நான்காவது வரி, 'ஐ.எஸ்.ஐ.' சாமான்களின் மேல் குத்தும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு, இது வேறு. விகிதத்தை இந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் வருவது ஐந்தாவது வரி, ஐ.என்.ஆர். விகிதம் 2 என்றே இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. 1 ஆனால் ஐ.என்.ஆர். 2. ஐ.எஸ்.ஐ. 1.3 ஆனால் சுமார் 2.5. ஐ.எஸ்.ஐ. 2 ஆனால் இரண்டிரண்டு நான்கு, ஐ.என்.ஆர். 4! விநாடி ஒன்றுதான்; பொருள் மூன்று. ஆகவே விநாடியைப் பார்த்துக் கலங்காதீர்கள். கடைசி வரியை மட்டும் பாருங்கள்.

யாருக்கு எந்த எண்?

மாத்திரை சாப்பிடாதவருக்கு ஐ.என்.ஆர். 1 ஐ ஒட்டி இருக்கும். காலில் ரத்தம் கட்டியவருக்கும், நாடி தாறுமாறாக ஓடுவதற்காக இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை. அயோர்ட்டா இடத்து வால்வானால் பலருக்கு 2 முதல் 3 வரை போதும். வால்வின் வகையையும் மற்ற நோய்களையும் பார்த்து டாக்டர் இதை மாற்றக்கூடும். அவர் எழுதிய எண்தான் முடிவு. எழுதித் தரவில்லையானால் கேட்டு வாங்குங்கள்.

உலோக வால்வுக்கு ஏன் ஆயுள் முழுதும் மாத்திரை? உடலுக்கு அது அந்நியப் பொருள். அதன் மேல் ரத்தம் படியப் பார்க்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகளே உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை வாங்க முடியாத ஏழைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் எந்த நாட்டு உலோக வால்வானாலும் மாத்திரையும் பரிசோதனையும் தொடர வேண்டும்.

எண் இலக்குக்குக் கீழே போனால் ரத்தம் கட்டும் அபாயம். மேலே போனால் கசியும் அபாயம், 4.5, 5 ஐத் தாண்டினால் அது வேகமாக ஏறுகிறது. ஆகவே 5 அல்லது அதற்கு மேல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வேளை நிறுத்துவதா, வைட்டமின் 'கே' கொடுப்பதா என்பதை அவர்தான் தீர்மானிப்பார். சென்ற மாதம் 2.7, இந்த மாதம் 3.0 என்றால் அது ஒரு மாற்றமே அல்ல. பத்துச் சோதனையில் ஆறேழு இலக்குக்குள் இருந்தால் நன்றாகவே நடக்கிறது என்று பொருள்.

புதிதாக டாபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் என்ற மாத்திரைகளும் வந்திருக்கின்றன. அவற்றின் வேலையை ஐ.என்.ஆர். அளந்து காட்டாது. "பரிசோதனையே தேவையில்லையாமே, அதற்கு மாறிவிடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை உதவா. டாபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியைத் தீங்கு கண்டு இடையிலேயே நிறுத்தினார்கள். முடக்குக் காய்ச்சலால் வால்வு கெட்டு, நாடியும் தாறுமாறாக ஓடுபவர்களிடம், நம் நாடும் சேர்ந்து பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2022இல் வந்தது. ரிவராக்சபானைவிடப் பழைய மாத்திரையே அதிக உயிர்களைக் காத்தது என்று அது கூறிற்று.

எண் ஏன் ஏறி இறங்குகிறது?

"மாத்திரையை ஒழுங்காகத்தானே சாப்பிட்டேன், ஏன் மாறிற்று?" என்று கேட்கிறார்கள். காரணங்கள் பல உண்டு.

முதலாவது, கீரை. முருங்கைக்கீரையிலும் மற்றக் கீரைகளிலும் வைட்டமின் 'கே' அதிகம். ஒரு வாரம் தினமும் தின்றால் எண் இறங்கும். அதற்காகக் கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் தின்கிறவர் அதே இரண்டு நாளைக் காப்பாற்றட்டும். ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, இதர மருந்துகள். மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் எண்ணை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பலமாக இறக்கும். உடம்புவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாத்திரைகள் எண்ணை அதிகம் மாற்றாமலே வயிற்றில் ரத்தம் கசியவைக்கும். சீட்டு நன்றாக இருக்கும்; ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பார்! பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்றவனுக்கு வலி வராமல் இருக்காது. ஆனால் என்ன மாத்திரை என்பதை டாக்டரிடம் கேட்டே வாங்க வேண்டும். நாட்டு மருந்தானாலும் இதே விதிதான்.

மூன்றாவது, உடல்நிலை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பட்டினி, விரதம், சாராயம் ஆகியவை எண்ணைக் குலைக்கும்.

நான்காவது, மாத்திரையின் அளவு. "பாதி மாத்திரை" என்று நினைவு வைத்துக்கொள்வது ஆபத்து. கடைக்காரர் 2 மில்லிகிராமுக்குப் பதில் 4 மில்லிகிராம் கொடுத்தால் பாதியே முழுசாகிவிடும். மில்லிகிராம் கணக்கைச் சொல்லிப் பழகுங்கள்.

ஐந்தாவது, பரிசோதனையே பிசகுவது. ரத்தம் எடுக்கும் நீலமூடிக் குழாயில் உறையாதிருக்க மருந்து இருக்கிறது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு என்று அளவு. கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் எண் பொய்யாக ஏறிவிடும். ஆகவே எதிர்பாராத எண் வந்தால், டாக்டரிடம் காட்டி, மறுபடி சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். கூடுமானவரை ஒரே இடத்தில் சோதியுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

அந்தத் தோழர் இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில், எந்த நோய்க்காக மாத்திரை, எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது எழுதியிருக்கிறது. உள்ளே தேதி, சாப்பிட்ட மில்லிகிராம், ஐ.என்.ஆர்., இடையில் வந்த நோய், தின்ற வேறு மருந்து. ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள்தான் எழுதுகிறாள். சீட்டு வந்ததும் 'ஹை', 'லோ' எதையும் பார்க்காமல், முதல் பக்கத்தோடு ஒப்பிட்டு, "அப்பா, உள்ளே இருக்குது" என்கிறாள். மெட்ரிக் படித்த நாங்கள் அன்று செய்யாததை அந்தக் குழந்தை செய்கிறது. மாத்திரை சாப்பிடும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு வேண்டும்.

மாத்திரையை மாலையில் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். காலையில் சோதித்தால் அன்று மாலையே அளவை மாற்ற வசதி. மறந்துபோய் அன்றைக்கே நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் இரட்டையாகச் சாப்பிடாதீர்கள். நோட்டில் குறித்துவிட்டு வழக்கமான அளவைச் சாப்பிடுங்கள். பல் பிடுங்குவதற்கும் ஆபரேஷனுக்கும் முன்னால் மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். இந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடும்.

மலம் தார்போல் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், மூக்கில் ரத்தம் நிற்காவிட்டால், தலையில் அடிபட்டால் அல்லது தாங்க முடியாத தலைவலி வந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கை கால் தளர்ந்தால், மூச்சு முட்டினால், வால்வின் ஓசை மங்கினால், எந்த எண்ணுக்கும் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இறுதியாக ஒன்று. எங்கள் பிழையை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுவதும் சரியல்ல. ஆபரேஷன் ஒரு முறை. பரிசோதனையோ சாகும் வரை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறித் தூர ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் எத்தனை பேர் தவறாமல் போவார்கள்? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிஷத்தில் ஐ.என்.ஆர். காட்டும் கருவி இருக்கிறது. அது பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சீட்டில் 'நார்மல்' என்று அச்சடிக்கும் இடத்தில், 'மாத்திரை சாப்பிடுவோர் டாக்டர் சொன்ன எண்ணோடு ஒப்பிடவும்' என்று தமிழில் ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்? தொண்டைப்புண்ணுக்கு உரிய காலத்தில் மருந்து கொடுத்து, ருமாட்டிக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லும் தவணை தவறாமல் பென்சிலின் ஊசி போட்டால், வால்வு கெடுவதையே பெருமளவு தடுத்துவிடலாம். இம்மூன்றையும் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் கையெழுத்திடுங்கள்.

அந்த மனுவில் முதல் கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. இடது கையால் போட்டது; எழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கிறது.